உம்மாவின் நெஞ்சில் ஒரு கட்டு

போர்வைக்கு அடியில் நைட்டியை வெட்டிக்கொண்டே இறங்கிய கத்தரிக்கோல் பாதி வழியில் எதிலோ முட்டி நின்றது. ஃபர்ஸானா மாமி கையை வெளியே எடுக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி, கால்மாட்டில் வாளியோடு நின்ற ருக்சானாவைப் பார்த்தாள்.

“ஏ புள்ள, உம்மாக்கு நெஞ்சுல என்ன கட்டுப் போட்டுருக்கு?”

“நெஞ்சுலயா? குதிகால்லதான மாமி புண்ணு. அதுவும் ஆறிப்போச்சு.”

“இங்கன வந்து பாரு.”

தாராவியின் அந்தச் சந்துகளில் இறந்துபோகும் பெண்களை முப்பது வருடமாகக் குளிப்பாட்டி வருகிறவள் ஃபர்ஸானா மாமி. எதைக் கண்டாலும் குரல் மாறாதவள். அவள் குரல் தணிந்ததே ருக்சானாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. வாளியை வைத்துவிட்டு வந்தாள். பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. ஜமாஅத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் பெஞ்சை, தண்ணீர் மூலையில் குளிக்கிற இடமான மோரிக்குள் ஓடும்படி சாய்த்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் உம்மாவின் மய்யித்தின் மேல் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தார்கள். மாமி போர்வையின் ஓரத்தை ஒரு சாண் உயர்த்தினாள்.

வலது மார்பின் மேல் வெள்ளையாக ஒரு கட்டு. சின்னச் சப்பாத்தி அளவு. நான்கு ஓரங்களிலும் காகிதப் பிளாஸ்திரி, அடிக்குச்சி வைத்து ஒட்டியதுபோல் நேராக. மேல் ஓரத்துப் பிளாஸ்திரியில் நீலப் பேனாவால் தேதி எழுதியிருந்தது. நேற்றைய தேதி.

அந்த எழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது முத்துமாரியின் பழக்கம். பிளாஸ்திரியும் தெரிந்ததுதான். நைன்ட்டி ஃபீட் ரோடு மெடிக்கலில் மாதம் நாலு ரோல் வாங்கிக் கொடுத்தவளே ருக்சானாதான். குதிகாலுக்கு என்று முத்துமாரி சொன்னாள். ஒரு குதிகாலுக்கு நாலு ரோலா என்று ருக்சானா கேட்டதில்லை. நம்புகிறவர்களுக்குக் கேள்வி எழுவதில்லை. அதுதான் நம்பிக்கையின் அழகு, அதன் ஆபத்தும் அதுவே.

“ஒனக்குத் தெரியாதா?” என்றாள் மாமி.

ருக்சானா தலையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.

உம்மா காலையில் ஆறே முக்காலுக்குப் போயிருந்தாள். ருக்சானா டீ ஆற்றிக்கொண்டு வந்தபோது கண் மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகுதான் நெஞ்சு ஏறி இறங்காதது தெரிந்தது. பேகம் என்ற பெயரில் எழுபத்தாறு வருடம் வாழ்ந்து, அதில் ஐம்பத்திரண்டு வருடத்தைத் தாராவியில் கழித்து, கடைசி இரண்டு வருடம் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்து, யாரையும் எழுப்பாமல் போய்விட்டாள். கோவண்டியிலிருந்து தம்பி பைசான் வந்தான். நண்பகல் லுஹர் தொழுகைக்கு எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எட்டு மணிக்கு வழக்கம்போல டியூட்டிக்கு வந்த முத்துமாரி, வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். அழுதாள். பிறகு ருக்சானாவிடம் வந்து, “எக்கா, குளிப்பாட்டுததுக்கு முன்ன ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்,” என்றாள். அந்த நேரம் பார்த்து ஜமாஅத் ஆட்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு பார்க்கலாம் என்று ருக்சானா கையைக் காட்டிவிட்டாள். அவள் சம்பளத்தைப் பற்றியோ, அடுத்த வேலையைப் பற்றியோ கேட்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்துமாரி மாட்டுங்கா லேபர் கேம்ப்பைச் சேர்ந்தவள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே செம்பூரில் ஒரு டிரஸ்ட்டில் ஒரு வருடம் படித்தவள். உடம்பைத் துடைத்து மாத்திரை கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது, மனசும் தூக்கமும் தொழுகையும் பேச்சுத்துணையும் சேர்ந்ததுதான் ஆள் என்று அங்கே சொல்லிக்கொடுத்ததாக முதல் நாளே சொன்னாள். சொன்னபடியே செய்தாள். கட்டிலைத் திருப்பிப் போட்டு உம்மாவின் முகம் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும்படி வைத்தாள். தண்ணீர் பட்டால் குளிர்கிறது என்று உம்மா முனகியபோது, தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்ய ஒரு ஓட்டுத் துண்டைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு பாங்குக்கும் அதைக் கையில் ஏந்தி நீட்டினாள். நெற்றியில் குங்குமத்தோடு அவள் அப்படி நிற்பதைப் பார்த்தவர்கள், உனக்கு நல்ல ஆள் கிடைத்தாள் ருக்சானா என்று சொன்னார்கள். ருக்சானாவும் பை கடையில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஒன்பது மணிக்கு உடம்பு துடைக்கும் நேரம். ருக்சானா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். கூட ஒரு கை பிடிக்கலாம் என்று போனால், “நீ வெளிய நில்லு,” என்று சொல்லிவிடுவாள் உம்மா. ருக்சானாவுக்கு அது விநோதமாகப் படவில்லை. உம்மாவின் வெட்கம் ஊரறிந்தது. பைசானுக்குப் பால் கொடுத்த காலத்தில் நாத்தனார்கள் இருந்தால்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாளாம். பெற்ற மகள் முன்னால் மேலாடை விலக்க மாட்டாள் என்றால் அது உம்மாவின் ஹயா. அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இரவில் இடுப்புத் துணி மாற்றும்போதும் உம்மா துப்பட்டாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருப்பாள். ருக்சானா பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். அப்படிப் பார்வையைத் தாழ்த்துவதை மார்க்கம் சொன்ன நல்ல ஒழுக்கம் என்று நினைத்திருந்தாள்.

முத்துமாரி சந்தின் கோடியில், மூடிக் கிடந்த ஒரு தையல் கடை ஷட்டரில் சாய்ந்து நின்றிருந்தாள். ருக்சானா வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“எப்பலேருந்து?”

எதைக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

“பிப்ரவரிலேருந்துக்கா. தொடைக்கும்போது கையில கட்டி மாதிரி தட்டுச்சு. மாசம் ஒருக்கா வீட்டுக்கு வார டாக்டரம்மாகிட்ட காட்டினோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி சதை எடுத்துப் பாக்கணும்னு சொன்னாவ. உம்மா மாட்டவே மாட்டேன்னுட்டாவ. டாக்டரம்மா ரெண்டு மூணு தடவ எடுத்துச் சொன்னாவ. அப்பறம், அவுங்க தெளிவாத்தான் இருக்காங்க, அவுங்க இஷ்டம்தான்னு வலி மாத்திரை எழுதிக் குடுத்தாவ. ஜூன்ல கட்டி ஒடஞ்சுட்டு.”

ஜூன். ருக்சானா ஜூன் மாதத்தைத் தேடிப் பார்த்தாள். மழை தொடங்கிய மாதம். அதுவரை வியாழக்கிழமை மட்டும் போட்ட சாம்பிராணியை, தினமும் போட்டால் உம்மாவுக்கு நல்லா இருக்கு என்று முத்துமாரி கேட்டது அந்த மாதம்தான். மாட்டுங்கா மார்க்கெட் வரை போய் நல்ல சாம்பிராணியாகப் பார்த்து வாங்கி வந்தாள் ருக்சானா. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அந்த மணம் முகத்தில் படும். அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்கிய வீடு மாதிரி இருக்கிறது என்று புருஷன் கரீம் பாட்சாவிடம் சொன்னாள். அந்தப் புகைக்கு அடியில் என்ன வாடை இருந்தது என்று இப்போது புரிந்தது.

“ஞாயித்துக்கெழம ஒனக்கு லீவு. ஆனா வந்து ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போவ. பாசத்துல வாரன்னு நெனச்சேன்.”

“கட்டு மாத்தணும்லாக்கா. ஒரு நா விட்டாலும்…”

“சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வந்ததும் கேப்பேன். இன்னைக்கு உம்மா எப்படி இருந்தாவன்னு. நீ என்ன சொல்லுவ?”

முத்துமாரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“சொல்லு. என்ன சொல்லுவ?”

“எல்லாம் சரியா இருக்குக்கான்னு.”

“எத்தன நாளு. எம் மூஞ்சியப் பாத்து.”

சந்தில் போன ஒரு பெண், துக்க வீட்டு ஆட்கள் என்று தெரிந்து ஒதுங்கிப் போனாள். முத்துமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சத்தியம் வாங்கிட்டாவக்கா. ஒங்க அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேம்மான்னேன். ‘அவன் பேர்ல பண்ணினா ஒனக்கு என்னட்டி பயம்? ஒங்க இசக்கி மேல பண்ணு. மீறினா அவ ஒன் கண்ணப் புடுங்கிருவா’ன்னாவ. செல்லுல எங்க ஊரு அம்மன் படத்த எடுக்கச் சொல்லி, எங் கையப் புடிச்சு அது மேல வச்சாவ.”

ருக்சானாவுக்கு உம்மாவின் குரலே கேட்டது. அந்த இடக்கும் அந்தக் கணக்கும் உம்மாவுக்கே உரியவை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். தானில்லாத பகல் வேளைகளில் அந்த அறைக்குள் இரண்டு பேர் இப்படிப் பேசி, சிரித்து, ஒரு சாவை நடுவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்ற நினைப்பு அவளை அறைந்தது. அவள் பெற்ற மகள். சாயங்காலம் வந்து எப்படி இருந்தாவ என்று விசாரித்துவிட்டுப் போகிற விருந்தாளியாக அவளை வைத்திருந்தார்கள்.

“என்கிட்ட ஏன் சொல்லப்பிடாதுன்னாவ?”

“வேண்டாம்க்கா. போனவுக போயிட்டாவ.”

“இனி யாருக்கு ஒஞ் சத்தியம்? சொல்லு.”

முத்துமாரி ஷட்டரின் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “‘அவ எம்மேல உசுரையே வச்சிருக்கா. அதாம்ட்டி பயமா இருக்கு. அவ வாப்பாவ விடல. என்னையும் விட மாட்டா’ன்னாவ.”

வாப்பா இறந்து ஆறு வருடமாகிறது. மூச்சுத் திணறி விழுந்தவரை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் ருக்சானா. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். தொண்டையில் குழாய் போட்டார்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். ஒன்பது நாள். உம்மாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்டினார்கள். வாப்பா கண்ணால் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்று பைசான்கூட ஒரு தடவை கேட்டான். வாப்பாவை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று அவன் மேல் பாய்ந்தாள் ருக்சானா. பத்தாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதைப் பற்றி உம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் எடுத்த முடிவுக்கு உம்மாவும் சம்மதம் என்றே ருக்சானா இத்தனை வருடமாக நினைத்திருந்தாள்.

“லாத்தா,” என்று சந்து முனையிலிருந்து பைசான் கூப்பிட்டான். “பள்ளிவாசல் மோதினார் ரெண்டு தடவ கேட்டுட்டாரு. ஒண்ணேகாலுக்கு ஜமாத் தொழுக. உள்ள இன்னும் என்ன லேட்டு?”

ருக்சானா முத்துமாரியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாமி இலந்தை இலைத் தண்ணீரைக் கலக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கட்டை எடுக்காமல் குளிப்பாட்ட முடியாது என்றாள். பிய்த்து எடுத்தால் கசியும், கசிந்தால் மேலே சுற்றுகிற கபன் துணியில் படும். கட்டியவளைக் கூப்பிட்டால் நல்லது என்றும் சொன்னாள். போர்வை பிடித்திருந்த ஒருத்தி, மய்யித்தைக் குளிப்பாட்டுகிற இடத்தில் வேற்று மார்க்கத்து ஆள் எதற்கு என்று மெல்ல முனகினாள்.

“அவ வேண்டாம்,” என்றாள் ருக்சானா. “நானே எடுக்கேன்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி மேல் பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் கிளப்பினாள். அது சுலபமாக வந்தது. பக்கத்துப் பிளாஸ்திரியும் வந்தது. துணியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தாள். உயிரோடு இருப்பவளை இழுப்பது போலத்தான். துணியோடு தோலும் எழும்பி வந்தது. கருஞ்சிவப்பாக ஒரு கோடு கசிந்து விலாப்பக்கம் இறங்கியது. ருக்சானா கையை எடுத்துவிட்டாள். உம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியையும், மூடிய கண்களையும் பார்த்தாள். எந்த மாற்றமும் இல்லாத அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

ஒரு கஷ்டம் வந்தால், அதைத் தாங்க ஒரு கையையும் படைத்தவன் எங்காவது உண்டாக்கித்தான் வைக்கிறான். அது நம்முடைய கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது மனித சுபாவம். அந்த அடத்தை விடுவதற்கு ருக்சானாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பஞ்சால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். இன்னொரு தடவை துணியைத் தொடப் போனாள். தொடாமலே எழுந்தாள். கதவருகில் போய், வெளியே நின்ற பைசானிடம், “முத்துமாரிய வரச் சொல்லு,” என்றாள்.

முனகிய பெண் மறுபடி வாயெடுத்தாள். மாமி திரும்பிப் பார்த்தாள்.

“குளிப்பாட்டுறது நாம. கட்ட அவுக்கிறது கட்டுனவ. ஒனக்குத் தெரிஞ்சா நீ வந்து அவுரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, இருவரையும் பார்த்தே சொன்னாள். “இங்க பாத்தது இங்கயே போயிரணும் பாத்துக்கிடுங்க. மய்யித்துல கண்டத வெளிய சொல்லுதவ வாயி மறுமையில நாறும்.”

அது மாமி எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ருக்சானா பல சாவுகளில் அதைக் கேட்டிருக்கிறாள். இன்று அது எங்கோ குத்தியது. குத்திய இடத்தை அவள் தேடிப் பார்க்க விரும்பவில்லை.

முத்துமாரி செருப்பை விட்டுவிட்டு வந்தாள். மோரியில் கால் கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். யாரும் சொல்லாமலே முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கேட்டாள். ருக்சானா அடுப்பைப் பற்றவைத்துச் சூடாக்கிக் கொடுத்தாள். பஞ்சை நனைத்துக் கட்டின் மேல் வைத்து வைத்து எடுத்தாள் முத்துமாரி. பெஞ்சுப் பக்கம் குனிந்து, “ஊறட்டும் உம்மா. இழுக்க மாட்டேன் என்ன,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி பஞ்சை நனைத்தது.

பத்து நிமிடம் ஊற வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் ருக்சானா எதிரில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டையான விரல்கள். ஒட்ட வெட்டிய நகங்கள். இந்தக் கைகளுக்குத் தெரிந்த உம்மா ஒருத்தி, தனக்குத் தெரிந்த உம்மா ஒருத்தி. இந்த இரண்டு பேரில் யாரைப் புதைக்கப் போகிறோம் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ஜல்தி ஜல்தி என்றான் பைசான்.

“பொறுல,” என்றாள் மாமி. “ஒங்க உம்மா எங்கயும் ஓடிர மாட்டா.”

துணி தானாகக் கழன்று வந்தது, ஈரச்சுவரிலிருந்து காகிதம் கழல்வதுபோல. ருக்சானா முகத்தைத் திருப்பவில்லை. இவ்வளவு நாளும் தாழ்த்திய பார்வையை இன்று உயர்த்தி, கடைசிவரை பார்த்தாள். உள்ளங்கை அளவு புண். குழிந்து, கறுத்து. ஆனால் ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது. நாற்றம் தெரியாமலிருக்க மாத்திரையைப் பொடித்துத் தூவிய வெள்ளைத் தடம் இருந்தது. சுற்றியிருந்த தோலில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்து வைத்திருந்த புண் அது. அதைப் பார்க்கப் பார்க்க ருக்சானாவுக்குக் கோபம் குறையவில்லை. கோபத்துக்கு நிற்க இடம்தான் இல்லாமல் போயிற்று.

முத்துமாரி சுத்தமான பஞ்சை அடைத்து, கசியாது என்று இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். மாமியைப் பார்த்துத் தலையசைத்தாள். பழைய துணியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு மோரிப் பக்கம் போய்க் கையை நீட்டி நின்றாள். அழுக்குக் கையால் வாளியைத் தொடக்கூடாது என்று நிற்கிறாள் என்பது புரிந்து ருக்சானா எழுந்து போனாள். மக்கை எடுத்தாள்.

“வலிக்கும்போது என்னயத் தேடினாவளா?” யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

முத்துமாரி பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“தேடினாவக்கா. நாலு மணி ஆயிட்டா, அவ வார நேரமாச்சான்னு கேக்க ஆரம்பிச்சிருவாவ. ‘தலைய வாரி விடுட்டி, மூஞ்சியத் தொடச்சு விடு, அவ வரும்போது நல்லா இருக்கணும்’பாவ.”

அது உண்மையாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்குச் சொல்லிப் பழகிய வாய், இன்று நண்பகலில் இன்னொரு தடவை ஆறுதல் சொல்வதாகவும் இருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவள் பெஞ்சில் கிடந்தாள். பின்னால் மாமி கலிமா சொல்லிக்கொண்டு முதல் தண்ணீரை ஊற்றத் தயாரானாள்.

ருக்சானா மக்கை முக்கி மொண்டு அந்தக் கைகளில் ஊற்றினாள். முத்துமாரி சோப்புப் போட்டு, விரலிடுக்குகளைத் தேய்த்துக் கழுவினாள். ருக்சானா இன்னொரு மக்கு ஊற்றினாள். நுரையெல்லாம் போய்விட்டது. முத்துமாரி கையை இழுத்துக்கொள்ளாமல் நீட்டியபடியே நின்றாள். ருக்சானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து இன்னும் ஒரு மக்கு மொண்டாள்.